யார் இங்கே பொறுக்கி?

"நல்ல பாட்டா ஒரு பத்து பொறுக்கிக் குடும்மா. மத்ததை விட்டுடு."

இதைச் சொன்னவர் எதிரி அல்ல. எங்கள் தெருக்காரர். எனக்குப் பெரியப்பா முறை. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாளுக்கு ஊர்வலம், ராத்திரி கூட்டம். ரேடியோ செட்டு லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து வருகிறது. செட்டுக்காரத் தம்பி பாட்டை எல்லாம் பென் டிரைவில் போட்டு வைக்கச் சொல்லிவிட்டான். என்னென்ன பாட்டு போடப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள் என ஓர் அதிகாரி வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். (கோயில் திருவிழாவுக்கு இப்படிப் பட்டியல் கேட்ட கதையை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.) தமிழ் எம்.ஏ. படித்தவள் தெருவில் சும்மாதானே திரிகிறாள், அவள் எழுதட்டும் என்று வேலை என் தலையில் விழுந்தது.

நான் எழுதி வைத்திருந்ததில் பெரும்பகுதி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் தொடக்க காலப் பாடல்கள். பெரியப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். பேனாவை வாங்கினார். மாட்டுக்கறிப் பாட்டை அடித்தார். இடஒதுக்கீட்டுப் பாட்டை அடித்தார். இசைவாணி பாடிய அய்யப்பன் பாட்டை இரண்டு கோடு போட்டு அடித்தார். "நாலு பேரு போற வர்ற வழி. நமக்கு எதுக்கும்மா பொல்லாப்பு? பாபாசாகேப் பேர்ல வர்றதைப் போடு. ஆட்டம் போட்ற மாதிரி ரெண்டு போடு. போதும்."

அன்று ராத்திரி சென்னையிலிருக்கும் ஒரு கவிஞ நண்பருக்குப் போன் போட்டேன். முற்போக்கானவர். மேற்கத்திய இசையில் ஊறியவர். அவராவது என் பக்கம் பேசுவார் என்ற நம்பிக்கை. அவர் சொன்னார்: "பெரியவர் சொல்றதுல தப்பில்ல. ஆரம்ப காலப் பாட்டுல பாதி கோஷம். கலையா நிக்கிறது ஏழெட்டுதான். ராக் குழுக்களுக்கு கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்னு ஒரு மரபே இருக்கு. வடிகட்டி எடுத்துத் தொகுத்தாத்தான் நாளைக்கு நிக்கும்."

ஆக, அச்சத்தால் ஒருவர் அடிக்கிறார். அழகியலால் இன்னொருவர் அடிக்கிறார். இருவரும் அடித்தது அதே மூன்று பாட்டு! இந்த ஒற்றுமைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நண்பர் சொல்லும் அந்த மரபைக் கொஞ்சம் பார்ப்போம். ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1976 பிப்ரவரியில் தன் முதல் நான்கு இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த பாட்டுகளை ஒரே தட்டில் வெளியிட்டது. அமெரிக்காவில் மட்டும் 3 கோடியே 80 லட்சம் பிரதிகளுக்கு 2018இல் சான்று கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குழுவின் புதிய தட்டு, 'ஹோட்டல் கலிபோர்னியா', அதே ஆண்டு டிசம்பரில்தான் வந்தது. அதுவரை கடையில் விற்க ஒரு சரக்கு வேண்டாமா? பீட்டில்ஸ் குழு கலைந்தது 1970இல். அவர்கள் பாட்டு சிவப்பு அட்டையில் ஒன்றும் நீல அட்டையில் ஒன்றுமாக இரண்டு தொகுப்புகளாக வந்தது 1973இல். தொகுப்புக்குப் பின்னால் நின்றவர் மேலாளர். பொறுக்கி எடுப்பது எப்போதும் பாடினவன்தான் என்று யார் சொன்னது?

இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாபாரம், அவன் பாடு. எனக்கு முக்கியம் ராபர்ட் ஜான்சன் கதை. மிசிசிப்பியின் கறுப்பின இளைஞன், கிதார்க்காரன். 1936இலும் 1937இலும் 29 பாட்டு பதிவு செய்தான். 1938இல், 27 வயதில், செத்துப் போனான். 23 ஆண்டு கழித்து, 1961இல், கொலம்பியா நிறுவனம் அவன் பாட்டில் 16ஐப் பொறுக்கி ஒரு நீள்தட்டாகப் போட்டது. அட்டையில் போட அவன் புகைப்படம் கையில் இல்லை. மேலிருந்து பார்ப்பதுபோல, முகம் தெரியாத ஒருவன் கிதாரோடு குனிந்து உட்கார்ந்திருக்கும் ஓவியத்தைப் போட்டார்கள். எரிக் கிளாப்டனும் கீத் ரிச்சர்ட்ஸும் அவனைக் கேட்டுத்தான் கற்றார்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ராக் இசையின் வேரில் கிடப்பவன் முகமில்லாத கறுப்பன். கிளையில் உட்கார்ந்து சம்பாதித்தவர்களுக்கு அட்டைதோறும் முகம்.

நம்முடைய கதை இதைவிட மோசம். கானாவைப் பதிவு செய்ய யாரும் வரவில்லை. அது வடசென்னையின் சாவு வீட்டில், பாடையின் தலைமாட்டில், விடிய விடியப் பாடப்பட்டது. பாடினவன் பேர் அந்தத் தெருவுக்குத் தெரியும், செத்தவன் வீட்டுக்குத் தெரியும். அவ்வளவுதான். ஊர் அதற்கு வைத்த பேர் பொறுக்கிப் பாட்டு. பிறகு 90களில் சினிமாவுக்குக் கானா தேவைப்பட்டது. தேவாவின் இசையில் 'காதல் கோட்டை' (1996) போன்ற படங்களில் வந்த கானாவுக்குத் தமிழ்நாடே ஆடியது. கேசட் கடையில் 'கானா ஹிட்ஸ்' என்று தனியாக அடுக்கினார்கள். தேவாவை நான் குறை சொல்லவில்லை. அவர் அந்த மெட்டுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர். என் கேள்வி அந்த அடுக்கைப் பற்றியது. அதில் இசையமைப்பாளர் பேர் இருந்தது, படத்தின் பேர் இருந்தது, கதாநாயகன் படம் இருந்தது. சாவு வீட்டில் பாடியவன் எங்கே? கானா உலகநாதன் திரையில் தன் முகத்தோடு வந்து பாட 2006இல் 'சித்திரம் பேசுதடி' வரவேண்டியிருந்தது. அவன் உழைப்பிலிருந்து வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு போனவர்கள் கனவான்கள். அவன் மட்டும் பொறுக்கி!

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் 2018 ஜனவரி 6ஆம் தேதியைப் பார்க்க வேண்டும். பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து கூட்டிய குழு அன்று கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியது. 19 பேர். சட்டியும் கட்டமோளமும் பறையும் கிதாரோடும் டிரம்ஸோடும் ஒரே மேடையில் நின்றன. கானாக்காரர்கள் கோட்டும் டையுமாக வந்தார்கள். எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலர் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் தூங்கவில்லை. நம்ம சட்டிச் சத்தம் இவ்வளவு பெரிய பெட்டியில் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. குழுவின் பேர்கூடப் புதிது அல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மை இந்துக்கள் என்று எழுதாதே, சாதியில்லாத் தமிழர் என்று எழுது என வாதாடிய அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து எடுத்த பேர்.

அந்தத் தொடக்க காலத்தில் அவர்கள் பாடியது என்ன? மாட்டுக்கறிப் பாட்டு. அதற்கு முந்தின வருசம், 2017 மே மாதம், சந்தையில் மாட்டை இறைச்சிக்கு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதை எதிர்த்து மாட்டுக்கறி தின்ற மாணவரைச் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்துக்குள்ளேயே அடித்தார்கள். அந்தச் சூட்டோடு வந்த பாட்டு அது. கோஷமாம்! எங்கள் வீட்டு அடுப்பில் வேகிற சட்டி கோஷம் போடுகிறதா?

இடஒதுக்கீட்டுப் பாட்டு. வகுப்பில் 'கோட்டா' என்று கேலி கேட்டுக் குறுகிப்போன ஒவ்வொரு பிள்ளைக்கும் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்த பாட்டு. நான் எம்.ஏ. படித்தபோது, "உனக்கென்னம்மா, நீ பாசானாலே போதும்" என்று சக மாணவி சொன்னாள். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. விடுதிக்கு வந்து அழுதேன். இப்போது பிளஸ் டூ படிக்கிற எங்கள் தெருப் பெண் அந்தக் கேள்விக்கு அழமாட்டாள். பாடிக் காட்டுவாள். இந்தப் பாட்டு காலாவதியாகிவிட்டதா? அது வந்த மறு வருசம், 2019 ஜனவரியில், முன்னேறிய சாதி ஏழைகளுக்கு 10 சதவீதம் என்று அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. இனிமேல்தான் அந்தப் பாட்டுக்கு வேலையே இருக்கிறது. அதைப் போய் 'ஆரம்ப காலம்' என்று ஒதுக்கச் சொல்கிறார் நண்பர்.

அய்யப்பன் பாட்டு விசயம் வேறு. 2018 செப்டம்பர் 28இல் எல்லா வயதுப் பெண்ணும் சபரிமலைக்குப் போகலாம் என்று தீர்ப்பு வந்தது. அந்தச் சமயத்தில், வழிபாட்டிடத்தில் பெண்ணுக்கு நுழைவுரிமை கேட்டு இசைவாணி பாடியது. கானா ஆம்பிளைகளின் கோட்டை. அதற்குள் நின்று பாடிய பெண், பி.பி.சி. 2020இல் உலகின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்த பெண். 2024 நவம்பரில், பாட்டு வந்து ஆறு வருசம் ஆன பிறகு, மாலை போடுகிற பருவம் பார்த்து, அதில் ஒரு துண்டை மட்டும் வெட்டிச் சுற்றுக்கு விட்டார்கள். புகார், மிரட்டல், வாயில் வரக்கூடாத வசவு. இது பல பாட்டுகளின் தொகுப்பில் ஒன்று, நுழைவுரிமை பற்றியது என்று நீலம் அறிக்கை விட வேண்டி வந்தது.

கவனியுங்கள் தோழர்களே. எதிரியும் தொகுப்பாளன்தான். நம் பாட்டிலிருந்து தனக்கு வேண்டிய வரியை அவன் பொறுக்குகிறான், அதை வைத்து நம்மை அடிக்கிறான். அதே பாட்டை நாமும் நம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், அந்தப் பாட்டு அவன் வெட்டிய துண்டாக மட்டுமே உலகத்தில் மிஞ்சும். முழுப் பாட்டு எங்கே என்று நாளைக்கு ஒரு பிள்ளை கேட்டால் யார் வீட்டில் போய்த் தேடுவாள்?

அட்டையிலிருந்து முகத்தை எடுப்பதும் பழைய கதை இல்லை. அந்தக் குழுவில் பாடிய அறிவு, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து எழுதிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. ஆகஸ்டில் அந்தப் பாட்டைக் கொண்டாடி ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு அட்டை போட்டது. அட்டையில் அறிவு இல்லை! இரஞ்சித் கேட்ட பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது. உலகமே பாடிய அந்தப் பாட்டினால் மூன்று வருசத்தில் ஒரு காசும் கைக்கு வரவில்லை என்று இசையமைத்த சந்தோஷ் நாராயணனே 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது என்று 2012இலேயே பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியாயிற்று. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது.

இனி எங்கள் ஏரிக்கு வருகிறேன். பழவேற்காட்டு ஏரியைப் பற்றி எழுதுகிற ஆய்வாளர்கள் 'பாடு' முறையைப் புகழாமல் விடமாட்டார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் இடங்களில் இன்றைக்கு இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. சண்டை இல்லை, பேராசை இல்லை, எல்லோருக்கும் சம வாய்ப்பு. உண்மைதான், அழகான ஏற்பாடுதான். ஆனால் அந்த 'எல்லோரும்' யார்? பட்டினவர் சமூகத்துத் தலைக்கட்டுக்காரர்கள். தலைக்கட்டில் பேர் இருந்தால்தான் பாடு. பெண்ணுக்குக் கிடையாது. எங்களுக்கும் இருளருக்கும் கிடையாது. கடலை நம்பிய பட்டினவரும் மேல்தட்டு அல்ல. துறைமுகமும் அனல்மின் நிலையமும் வந்து அவர்கள் வயிற்றிலும்தான் அடித்தன. இருந்தாலும் பட்டியலுக்குள் சமத்துவம், பட்டியலுக்கு வெளியே சேறு.

அந்தச் சேற்றில்தான் என் ஆயா இறால் பிடித்தாள். வலை கிடையாது. இடுப்பளவு தண்ணியில் தவழ்ந்து, கையால் தடவித் தடவிப் பிடித்து, பனையோலைப் பறிக்குள் போடுவாள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். காலையிலிருந்து மதியம் வரை வாயில் பறி. ஏலேலோ பாடிக்கொண்டு வேலை செய்தார்கள், உழைப்பிலிருந்து பாட்டுப் பிறந்தது என்று எனக்கு எம்.ஏ. வகுப்பில் நாட்டார் வழக்காறு சொல்லிக் கொடுத்தார்கள். பறியைக் கடித்துக்கொண்டிருப்பவள் எந்த வாயால் பாடுவாள்? ஆயா பாடியது சாவு வீட்டில் மட்டும். ஒப்பாரியில் செத்தவரைப் பாடி முடித்து, நடுராத்திரிக்குமேல் தன் கதையைப் பாடுவாள். மண்டல் துரையைத் திட்டுவாள், தாத்தாவைத் திட்டுவாள், கூலி குறைத்த ஏசண்டைப் பேர் சொல்லித் திட்டுவாள். ஒரு பாட்டும் எங்களிடம் இல்லை. நான் நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போனபோது அவளுக்குப் பல்லும் இல்லை, நினைவும் இல்லை. அப்போதும் இரண்டு பாட்டு சொன்னாள். இரண்டும் தாலாட்டு. திட்டுகிற பாட்டைக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குடி, நல்லதா எழுதிக்க" என்றாள்.

பெரியப்பா சொன்ன அதே வார்த்தை. அவளுக்கும் எது 'நல்லது' என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கல்லில் எழுதி வைத்துக் காப்பாற்றுவதற்கும் ஆள் பார்க்கிறார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறை இருக்கிறது. 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய கூட்டத்தின் கல்லறை. எலும்புக்கூடு செதுக்கிய வாசல், பேர், பிறந்த தேதி, செத்த தேதி எல்லாம் கல்லில். தொல்லியல் துறை பூட்டுப் போட்டுப் பாதுகாக்கிறது. அதே நூற்றாண்டில் அதே டச்சுக்காரன் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் மனிதரை அடிமையாகக் கப்பலேற்றினான். பஞ்சத்தில் விற்கப்பட்ட நம் சனங்கள். அவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

அப்படியானால் தொகுப்பே வேண்டாம் என்கிறேனா? இல்லை. அயோத்திதாசரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று பத்திரிகை தொடங்கியவர். 1914இல் மறைந்தார். நான் படித்த பாடப் புத்தகம் எதிலும் அவர் பேர் இல்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்தது. 85 வருசம் கழித்து! அந்தத் தொகுப்பு வந்திருக்காவிட்டால் இன்றைக்குச் சாதியில்லாத் தமிழர் என்று ஒரு குழுவுக்குப் பேர் வைத்திருக்க முடியுமா? ஆனால் அதில் அரசியல் இருக்கிறது, சமயம் இருக்கிறது, இலக்கியம் இருக்கிறது. இன்று நமக்கு ஒப்பாத சில கருத்தும் இருக்கிறது, அதை வைத்து நாம் அவரோடு சண்டையும் போடுகிறோம். 'சிறந்த பத்துக் கட்டுரை' என்று அப்போதே யாராவது வடிகட்டியிருந்தால் சண்டை போடக்கூட ஆள் இருந்திருக்கமாட்டார்.

காஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாட்டு எல்லாமே உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. சிலதில் வார்த்தை நெருக்கியடிக்கிறது. சிலதில் கிதார் சட்டியை அமுக்குகிறது. அதைக் கேட்டால் எனக்கே கோபம் வரும். பெண் குரல் இன்னும் நாலு இருந்திருக்கலாம். ஆனால் அதையெல்லாம் நாம் பேச வேண்டுமானால் பாட்டு முழுசாகக் கையில் இருக்க வேண்டும். யார் எழுதியது, யார் சட்டி அடித்தது, எந்த வருசம், எந்த அடிக்குப் பதிலடி என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். அன்று ஒரே மேடையில் நின்றவர்களில் பலர் இன்று தனித்தனியாகவும் பாடுகிறார்கள். மாணவத் தோழர்கள் யாராவது இந்த வேலையைக் கையிலெடுங்கள். ஆய்வுப் பட்டத்துக்குச் சங்க இலக்கியத்தில் உவமை எண்ணியது போதும்.

நான் செய்தது இதுதான். பெரியப்பா அடித்த தாளை மடித்து வைத்துவிட்டு, புதிதாக ஒரு தாளில் எல்லாப் பாட்டையும் வந்த வரிசையில் எழுதினேன். அடிக்கப்பட்ட மூன்றும் அதில் இருந்தது. அதிகாரியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார். படிக்கவில்லை. மேசைமேல் இருந்த காகிதக் கட்டுக்கு அடியில் செருகிவிட்டு, "பத்து மணிக்கு நிறுத்திடணும்" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த மூன்று பாட்டையும் அவர் அடிக்கவில்லை. நாங்களேதான் அடித்தோம்.

பெரியப்பாவிடம் விசயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

செட்டுக்காரத் தம்பி பென் டிரைவை வாங்கிச் செருகிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ இருக்கே, இதுல எதுக்கா ஹிட்டு?" என்றான். "நீ வரிசையா போடு." போட்டான். அவன் பாடு உள்ள வீட்டுப் பிள்ளை. மாட்டுக்கறிப் பாட்டு வந்தபோது நான் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் குறைக்கவில்லை. பையன்கள் ஆடிய ஆட்டத்தில் தெருப் புழுதி விளக்குவரைக்கும் எழும்பியது. இடையில் பேச்சாளர்கள் நாலு பேர் பேசினார்கள், அதில் ஒருவர் முக்கால் மணி நேரம். பத்து மணி ஆகிவிட்டது. அய்யப்பன் பாட்டுக்கு முந்தின பாட்டோடு செட்டை நிறுத்தினான்.

காலையில் ஒயரைச் சுருட்ட வந்தான். பெரியப்பாவின் பேத்தி, எட்டாவது படிக்கிறவள், பல் குச்சியோடு வந்து நின்றாள். "அத்த, அந்தக்கா பாடுற பாட்டு போடவே இல்லியே?" தம்பி என்னைப் பார்த்தான். குழாய் எல்லாம் இறக்கியாயிற்று, பெட்டி ஒன்றுதான் கழற்றாமல் இருக்கிறது என்றான். அதில் போடு என்றேன். தண்ணிக் குடத்தோடு போன பெண்கள் நாலைந்து பேர் நின்று கேட்டார்கள். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிகிறவரைக்கும் அவர் பக்கத்தைத் திருப்பவில்லை.